இன்னுமொரு நூறு ஃபீல்டு

மலேரியா ஸ்லைடு பார்க்கக் கற்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கும் கையேட்டில் ஒரு விதி உண்டு. திக் ஸ்மியர் எனும் தடித்த ரத்தப் பூச்சில் குறைந்தது நூறு ஃபீல்டு, அதாவது நுண்ணோக்கிக்குள் ஒரு தடவையில் தெரியும் வட்டம் நூறு, பார்க்காமல் ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று எழுதக் கூடாது. இது எல்லோரும் எதிர்பார்க்கும் விதிதான். அதையடுத்து வருவதைத்தான் நான் மெச்சுகிறேன்: ஒட்டுண்ணி தென்பட்டுவிட்டால், அது எந்த இனம் என்று முடிவாகச் சொல்லும் முன் இன்னுமொரு நூறு ஃபீல்டு பார்க்க வேண்டும்.

கிடைத்த பிறகு எதற்குத் தேடல்? ஒரே துளி ரத்தத்தில் இரண்டு இன மலேரியா இருக்கக்கூடும் என்பதற்காக. முதலில் கண்ணில் படுவது பெரும்பான்மை இனம். இரண்டாவது இனம் அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ நாலைந்து மட்டும் இருக்கும். தேடிய பொருள் கையில் சிக்கியதும் கண் தளர்ந்துவிடும் என்பதை ஸ்லைடு பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்தத் தளர்ச்சி வருகிற இடத்தைச் சரியாகக் குறிபார்த்து இந்த விதியை வைத்திருக்கிறார்கள். மனித மனத்தை நன்றாகப் படித்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

மலேரியா ஊறிக் கிடக்கும் நாடுகளில் இந்த விதியைக் காப்பாற்றுவது ஒரு விதமான சிரமம். வரிசையில் காத்திருக்கும் ஸ்லைடுகள் விடாது. மலேரியா ஒழிந்த நாடுகளில் சிரமம் வேறு. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-35 கொள்ளைநோயில் எண்பதாயிரம் பேர் வரை மாண்ட நாடு. போர்க்காலத்தில் வன்னியிலும் கிழக்கிலும் காய்ச்சல் என்றாலே முதலில் மலேரியாவைத்தான் நினைப்பார்கள். அங்கே உள்நாட்டில் பரவிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழும் வந்துவிட்டது. இப்போது அங்கே காணப்படுவது வெளிநாட்டிலிருந்து உடம்போடு வந்து இறங்கும் மலேரியா, வருடத்துக்குச் சில பத்து பேர். ஒருகாலத்தில் தினமும் பாசிட்டிவ் ஸ்லைடு பார்த்த கண், இப்போது மாதக்கணக்கில் ஒன்றைக்கூடக் காணாமல் இருக்கிறது.

அத்தோடு வருகிற சரக்கும் மாறிவிட்டது. இலங்கையின் பழைய தலைமுறை டெக்னீஷியன்களுக்கு வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற இரண்டு இனங்களும் உள்ளங்கை ரேகை. இப்போதோ மாணிக்கக்கல் வாங்க ஆப்பிரிக்கா போய் வந்தவர், ஐ.நா. அமைதிப்படையில் இருந்து திரும்பிய சிப்பாய், இந்தியாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி என்று ஆளுக்கொரு திசை. அவர்கள் ஓவாலே கொண்டுவருகிறார்கள், மலேரியே (இதுவும் ஓர் இனத்தின் பெயர்தான்) கொண்டுவருகிறார்கள், சில சமயம் இரண்டைச் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். லண்டனிலும் பாரிஸிலும் நிலைமை இதேதான். பயணியின் ரத்தத்தில் உலகத்தின் எந்த மூலையும் வந்து நிற்கலாம்.

அதனால்தான் இத்தகைய இடங்களில் ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்பே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. ‘எங்கே போயிருந்தீர்கள்?’ என்ற கேள்விக்கான பதிலில் பாதி விடை இருக்கிறது. வைவாக்ஸ் சிவப்பணுவுக்குள் நுழைய அதன் மேற்பரப்பில் டஃபி என்ற புரதம் பெரும்பாலும் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது கிடையாது. ஆகவே அங்கே வைவாக்ஸுக்கு அநேகமாகப் பிழைப்பில்லை. நைஜீரியாவிலிருந்தோ கானாவிலிருந்தோ திரும்பியவரிடம் ஃபால்சிபாரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடியது மலேரியே அல்லது ஓவாலே. பப்புவா நியூகினியிலிருந்து வந்தவர் என்றால் இந்த நாலு இனங்களில் எதுவும் இருக்கலாம், வைவாக்ஸ் மீது முதல் சந்தேகம். எத்தியோப்பியா, இந்தியா என்றால் ஃபால்சிபாரம்-வைவாக்ஸ் ஜோடி. போர்னியோக் காடு என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி ஸ்லைடுக்குள் போவோம். திக் ஸ்மியர், தின் ஸ்மியர் என்று இரண்டு பூச்சுகள். தின் ஸ்மியரில் ரத்தத்தை மெல்லிய படலமாக இழுத்து, மெத்தனாலில் தோய்த்து நிலைப்படுத்துகிறார்கள். சிவப்பணுக்கள் உருக்குலையாமல் ஒன்றையொன்று தொடாமல் பரந்து கிடக்கும். திக் ஸ்மியரில் துளியைத் தடிமனாகவே விட்டு, மெத்தனால் காட்டாமல் சாயத்தில் இறக்குகிறார்கள். சாயத்திலுள்ள தண்ணீர் சிவப்பணுக்களை உடைத்துக் கரைத்துவிடும். மிஞ்சுவது வெள்ளணுக்களும் ஒட்டுண்ணிகளும். எவ்வளவு தடிமன் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு: சாயம் ஏற்றாத ஈரப்பூச்சைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் அடியிலுள்ள எழுத்தைப் படிக்க முடிய வேண்டும்.

முதலில் ஃபால்சிபாரத்தின் வளையம். கல் பதித்த மெல்லிய மோதிரம் ஒன்றைச் சிவப்பணுவுக்குள் வைத்ததுபோல் இருக்கும். நீலத்தில் நூலிழை வட்டம். அதில் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி, பல சமயம் இரண்டு. அணுவின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. சிலது அணுவின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சொல்ல முடியாத ஒட்டுதல். ஒரே அணுவில் இரண்டு மூன்று வளையங்கள் குடியிருப்பதும் சகஜம். இவ்வளவு நடந்தும் குடியிருக்கும் வீடு மாறுவதில்லை: அணு பெருக்காது, வெளிறாது, அருகிலிருக்கும் ஆரோக்கியமான அணுவின் அளவிலேயே இருக்கும்.

வைவாக்ஸ் அப்படியில்லை. அதன் வளையம் தடித்தது, அணுவில் மூன்றில் ஒரு பங்கை அடைக்கும். வளர வளர வட்டம் கலைந்து, கை கால் நீட்டியதுபோல் ஒழுங்கற்ற உருவம் எடுக்கும். அணுவும் சேர்ந்து ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வீங்கி வெளிறிப்போகும். அந்த வெளிறிய பரப்பு முழுக்க இளஞ்சிவப்பில் பொடிப் பொடியான புள்ளிகள். சுமத்ராவின் டெலி தோட்டங்களில் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஷூஃப்னர் 1899இல் விவரித்ததால் அவர் பெயரே புள்ளிகளுக்கு நிலைத்துவிட்டது. நல்ல சாயத்தில் அவற்றைப் பார்ப்பது ஒரு சுகம். ஒரே அளவு, ஒரே இடைவெளி, எங்கேயும் குழம்பாத தெளிப்பு.

அந்தச் சுகம் கிடைக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜீம்சா சாயத்தைக் கலக்கும் நீரின் பி.ஹெச். 7.2 இருக்க வேண்டும். பொதுவான ரத்தப் பரிசோதனைக்கூடங்களில் வெள்ளணுக்களைப் பிரித்துப் பார்க்கத் தோதாக 6.8 வைத்திருப்பார்கள். ரத்தப் புற்றுநோய் பார்க்க அது மிக நல்ல அளவு. ஆனால் அந்த நீரில் ஷூஃப்னர் புள்ளிகள் மங்கிவிடும், சில சமயம் வரவே வராது. 0.4 வித்தியாசத்தில் ஒரு இனத்தின் அடையாளமே அழிந்துபோகிறது. மலேரியா அபூர்வமாகிவிட்ட ஊரில் எந்த ஆய்வகத்திலும் கையெட்டும் தூரத்தில் இருப்பது 6.8 நீர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபால்சிபாரம் வளையங்கள் எந்த நீரிலும் தெரிந்துவிடும். கலப்பில் பறிபோவது அந்த இன்னொன்றுதான்.

ரத்தம் எடுத்த குழாயும் தன் பங்குக்குக் கெடுக்கும். விரலில் குத்தி அப்படியே பூசிய துளிக்கும், ஈடிடிஏ குழாயில் அரை நாள் கிடந்து, ஊர் தாண்டி வந்த ரத்தத்துக்கும் உருவ வேற்றுமை நிறைய. குழாயிலேயே நேரம் போனால் வைவாக்ஸ் தன் பரந்த உருவத்தைச் சுருட்டிக்கொண்டு சின்ன உருண்டையாகிவிடும். ஃபால்சிபாரத்தின் விளிம்பு வளையம்போல வேஷம் கட்டுவதும் உண்டு. எனவே நல்ல ஆய்வகங்கள் ஸ்லைடோடு நேரத்தையும் கேட்கின்றன: எப்போது எடுத்தது, எப்போது பூசியது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு நோயாளியின் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 40,000 ஃபால்சிபாரம், 40 வைவாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்று. தின் ஸ்மியரில் ஒரு ஃபீல்டுக்கு சுமார் 200 சிவப்பணுக்கள் தெரியும். மைக்ரோலிட்டருக்கு 40 லட்சம் சிவப்பணு என்றால், ஒவ்வொரு ஃபீல்டிலும் சராசரியாக இரண்டு ஃபால்சிபாரம் இருக்கும். வைவாக்ஸ் ஒன்றைச் சந்திக்க 500 ஃபீல்டு போக வேண்டும். திக் ஸ்மியரில் நூறு ஃபீல்டு என்பது மைக்ரோலிட்டரில் சுமார் கால் பங்கு ரத்தம். அதில் பத்து வைவாக்ஸ் இருக்கும், ஆனால் பத்தாயிரம் ஃபால்சிபாரத்துக்கு நடுவில். அதுவும் வீங்கிய அணு இல்லை, வெளிறல் இல்லை, வீடுகளெல்லாம் கரைந்துபோய்விட்டனவே. தின் ஸ்மியர் அடையாளம் காட்டும், ஆளைக் காட்டாது. திக் ஸ்மியர் ஆளைக் காட்டும், அடையாளம் காட்டாது. கலப்புத் தொற்றைக் கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் நடக்கிறது.

அந்தச் சந்தில் கைதேர்ந்தவர்கள் செய்யும் ஒன்று என்னை வியக்க வைக்கிறது. திக் ஸ்மியரின் ஓரத்தில், பூச்சு மெலிந்துபோன இடத்தில், கரைந்த சிவப்பணுவின் நிழல் மட்டும் சில சமயம் தங்கியிருக்கும். ஒட்டுண்ணியைச் சுற்றி இளஞ்சிவப்பான மூட்டம். அது ஷூஃப்னர் புள்ளிகளின் எச்சம். அணு போய்விட்டது, அதன் மேலிருந்த பொட்டுகள் வட்டமாக அந்தரத்தில் நிற்கின்றன. அந்த மூட்டத்தைக் கண்ட கை உடனே தின் ஸ்மியருக்கு மாறி, எண்ணிக்கையைப் பாராமல் வீங்கிய ஓர் அணுவுக்காக வரிசை வரிசையாக நகரத் தொடங்கும்.

வைவாக்ஸ் ஏன் பெரும்பாலும் சிறுபான்மையாக ஒதுங்கியிருக்கிறது? அதற்குக் காரணம் அதன் நாவு. அது இளம் சிவப்பணுக்களை, ரெடிகுலோசைட்டுகளை மட்டுமே உண்ணும். அவை ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மலேரியே வயதான அணுக்களை நாடும். அதற்கும் கொஞ்சமே கிடைக்கும். ஃபால்சிபாரத்துக்கு வயது பேதம் இல்லை, கண்டதையெல்லாம் தின்னும், கட்டுக்கடங்காமல் பெருகும். ஆக ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் இலையின் அளவு வேறு. ஃபால்சிபாரத்தை மருந்தால் விரட்டியபின், ரத்தசோகையை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை புது அணுக்களை வேகமாக வெளியே அனுப்புகிறது. அந்த நேரம் பார்த்து வைவாக்ஸ் தலைதூக்குவதில் ஒரு குரூரமான பொருத்தம் இருக்கிறது.

இருப்பதைப் பார்ப்பது ஒரு திறமை. இருக்கக்கூடாதது இருப்பதைக் கவனிப்பது இன்னொன்று. ஃபால்சிபாரம் முதிரும்போது, அது குடியிருக்கும் அணு உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்திலிருந்து விலகிவிடும். விரல் நுனி ரத்தத்தில் அதன் இளம் வளையங்களும், வாழைப்பழ வடிவத்தில் பாலணுக்களும்தான் பெரும்பாலும் கிடைக்கும், நடுப்பருவம் அகப்படாது. நோய் மிக முற்றியவரிடம் இதற்கு விலக்கு உண்டு. மற்றபடி, வளையங்கள் நிறைந்த ஸ்லைடில் வளர்ந்த, நிறமி திரண்ட ஒட்டுண்ணி ஒன்று தெரிந்தால், ‘நீ இந்தக் கூட்டத்து ஆள் இல்லையே’ என்று கேட்கத் தோன்ற வேண்டும். அணுவின் குறுக்கே பட்டையாகக் கிடந்தால் மலேரியே. அணு நீள்வட்டமாகி ஒரு முனை கிழிந்த துணியோரம்போலப் பிசிறியிருந்தால் ஓவாலே. நிறமியின் நிறம்கூடப் பேசும்: வைவாக்ஸில் மெல்லிய பொன்பழுப்புத் தூள், மலேரியேயில் கரடுமுரடான கரும்பழுப்பு.

அந்த வாழைப்பழப் பிறையிலும் ஒரு நுணுக்கம். ஃபால்சிபாரத்தின் பாலணு முதிரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். முதல் முறை காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் வந்துவிட்ட சுற்றுலாப் பயணியிடம் அது அநேகமாக இருக்காது. இருந்தால், தொற்றுக்குக் கொஞ்சம் வயதாகிவிட்டது என்று பொருள். வைவாக்ஸ் ஸ்லைடில் இரண்டே இரண்டு பிறைகள் மட்டும் தெரிகின்றன, ஃபால்சிபாரம் வளையம் ஒன்றுகூட இல்லை என்றால் என்ன எழுதுவது? இது நடப்புக் கலப்புத் தொற்றா, போன மாதம் வேறு நாட்டில் மருந்து தின்று ஆறிய ஃபால்சிபாரத்தின் மிச்சமா? வழக்கமான மருந்துகள் முதிர்ந்த பிறைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. வளையங்கள் செத்தபின்னும் அவை வாரக்கணக்கில் சுற்றும். நோயாளியிடம் மறுபடி போய்க் கேட்டால்தான் தெரியும். உயிருக்கு ஆபத்தானது ஃபால்சிபாரம் என்பதால், சந்தேகத்தின் பலனை அதற்குக் கொடுத்து மருந்து தருவதே என் கண்ணுக்கு நியாயம்.

இவ்வளவையும் படிக்கும்போது 1880ஆம் வருடத்து நவம்பர் 6 நினைவுக்கு வருகிறது. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் ராணுவ மருத்துவமனையில், சாயமே இல்லாத பச்சை ரத்தத்தில் லாவெரன் ஒட்டுண்ணியை முதன்முதலாகக் கண்டார். பல உருவங்களைப் பார்த்தும், மலேரியா ஒட்டுண்ணி ஒன்றே, அதுதான் வேஷம் மாற்றுகிறது என்று வெகுகாலம் சாதித்தார். இத்தாலியில் கோல்ஜி காய்ச்சலின் முறையை ஒட்டுண்ணியின் வளர்ச்சியோடு பொருத்தி, மூன்றாம் நாள் காய்ச்சலும் நான்காம் நாள் காய்ச்சலும் வெவ்வேறு இனங்களின் வேலை என்று பிரித்துக் காட்டினார். லாவெரனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரே ஆளின் ரத்தத்தில் வளையமும் பிறையும் பட்டையும் சேர்ந்து கிடந்தால், ஒன்றே பலவாகிறது என்று நினைப்பதுதான் இயல்பு. கலப்பு ஸ்லைடு அறிவாளியையும் ஏமாற்றும்.

மனிதரைத் தாக்கும் நான்காவது மலேரியா இனமான ஓவாலே கண்டுபிடிக்கப்பட்டதே மலேரியா ஊர் அல்லாத ஓர் ஊரில். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவரின் ரத்தத்தை லிவர்பூலில் பார்த்த ஸ்டீஃபன்ஸ், 1922இல் அதைத் தனி இனமாக அறிவித்தார். பரிச்சயம் குறைந்த ஊரில் பார்வை மழுங்கும் என்பது உண்மைதான். ஒரே ஸ்லைடோடு சாவகாசமாக உட்கார வாய்ப்பதும் அங்கேதான்.

சரி, போர்னியோ. ஆனால் கதை அதற்கு வெளியே தொடங்குகிறது. 1965இல் அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் மலேசியாவின் பஹாங் காட்டில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு நாடு திரும்பினார். முதல் ஸ்லைடைப் பார்த்தவர் ஃபால்சிபாரம் என்றார். அடுத்துப் பார்த்தவர்கள் மலேரியே என்றார்கள். கலப்புத் தொற்று என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. அவருடைய ரத்தத்தை அட்லாண்டா சிறைக் கைதிகளுக்குத் தன்னார்வலர் என்ற பெயரில் ஏற்றினார்கள். இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத காரியம். பிறகு ரீசஸ் குரங்குகளுக்கும் ஏற்றினார்கள். குரங்குகள் செத்தன. குரங்கைக் கொல்லும் மலேரியா என்றால் நோலெசி. மனிதர் ஒருவர் இயற்கையாக அதைப் பெற்றதாகப் பதிவான முதல் சம்பவம் அது.

இதில் ரசிக்க வேண்டியது இரு தரப்பும் தவறாகப் பார்க்கவில்லை என்பது. நோலெசியின் இளம்பருவம் ஃபால்சிபாரத்தின் மெல்லிய வளையம்போலவே இருக்கும், இரட்டைப் புள்ளி உட்பட. வளர்ந்த பருவம் மலேரியேயின் பட்டைபோலவே இருக்கும். ஒரே செய்யுள் இரண்டு பொருள் தரும் சிலேடையை நாம் அறிவோம்; இங்கே ஒரே உயிர் இரண்டு இனமாகப் படிக்கப்படுகிறது. 2004இல் போர்னியோவிலுள்ள சரவாக்கின் கபிட் பகுதியில் பல்பீர் சிங்கும் சகாக்களும் மரபணு வழியில் சோதித்தபோது, 208 மலேரியா நோயாளிகளில் 120 பேரிடம் நோலெசி இருந்தது. நுண்ணோக்கியில் அவர்களில் பெரும்பாலோர் மலேரியே என்று பதிவாகியிருந்தார்கள். மலேரியே மெதுவானது, 72 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். நாளுக்கு நாள் பெருகி ஆளைக் கொல்லவும் செய்யும். ஆக, தென்கிழக்கு ஆசியக் காடு போய் வந்தவரின் ஸ்லைடில் ‘ஃபால்சிபாரம் - மலேரியே கலப்பு’ என்று எழுத வரும் பேனா ஒரு கணம் நிற்க வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் இரண்டைத் தேடும் அதே கண்ணுக்கு, இரண்டுக்குப் பின்னால் ஒன்றையும் தேடத் தெரிய வேண்டும்.

பட்டை வைத்துப் பார்க்கும் ரேபிட் டெஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் மணி நேரத்தில் கோடு விழும், அவசரத்துக்கு அருமையான பொருள். ஒரு வகைக் கிட்டில் ஃபால்சிபாரத்துக்கு மட்டும் உரிய ஹெச்.ஆர்.பி.2 புரதத்துக்கு ஒரு கோடு, எல்லா இனத்துக்கும் பொதுவான புரதத்துக்கு ஒரு கோடு. இரண்டும் விழுந்தால் அது தனி ஃபால்சிபாரமாகவும் இருக்கலாம், கலப்பாகவும் இருக்கலாம். கிட் வாயைத் திறக்காது. ஃபால்சிபாரத்துக்கும் வைவாக்ஸுக்கும் தனித்தனிக் கோடு போடும் கிட், இந்தியாவில் பரவலாக உள்ளது, இதைச் சொல்லும். ஆனால் ஹெச்.ஆர்.பி.2 குணமான பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். போன மாதம் ஃபால்சிபாரம் ஆறியவருக்கு இப்போது வைவாக்ஸ் மட்டும் வந்திருந்தாலும் இரண்டு கோடுகளும் விழும். பிறையில் பட்ட அதே சிக்கல். இதற்கு நேர்மாறாக, 2010இல் பெருவிலிருந்து முதலில் செய்தி வந்ததுபோல, அந்தப் புரதத்தின் மரபணுவையே இழந்த ஃபால்சிபாரமும் உலவுகிறது. அதற்கு அந்தக் கோடே விழாது.

பி.சி.ஆர். வந்ததும்தான் கலப்பு எவ்வளவு பரவலானது என்று உலகத்துக்குப் புரிந்தது. 1993இல் ஜார்ஜ் ஸ்னூனூவும் சகாக்களும் ஒட்டுண்ணியின் 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ மரபணுவை இரண்டு சுற்றாகப் பெருக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் சுற்றில் ‘மலேரியா உண்டா’ என்ற பொதுக் கேள்வி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு இனத்துக்கும் தனித் தனிக் குழாயில் தனிக் கேள்வி. ஜெல்லில் ஓட விட்டால் ஃபால்சிபாரம் 205 எழுத்து நீளத்தில் ஒரு பட்டை, மலேரியே 144இல், வைவாக்ஸ் 120இல், ஓவாலே எல்லோரையும் விட உயரமாக 800இல். வெறும் நீளத்தை வைத்தே நாலு பேரையும் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, ஒவ்வொரு இனத்தையும் தனியே கூப்பிட்டுக் கேட்கும் அந்தப் பொறுமை. எல்லாக் கேள்விகளையும் ஒரே குழாயில் கொட்டும் முறைகளும் பின்னால் வந்தன. வேகமானவை, மலிவானவை. ஆனால் ஆயிரம் ஃபால்சிபாரத்துக்கு ஒரு வைவாக்ஸ் இருக்கும் குழாயில் பெரும்பான்மையே சரக்கையெல்லாம் தீர்த்துவிடும், சிறுபான்மை எழும்பாமல் போகும். கண்ணாடிச் சில்லில் நடந்த அதே அமுக்கல் குழாய்க்குள்ளும் நடக்கிறது.

மூலக்கூறும் சிலேடை பேசும். நோலெசிக்கென்று முதலில் பயன்படுத்திய பிரைமர்கள் சில வைவாக்ஸ் மாதிரிகளிலும் ஒட்டிக்கொள்கின்றன என்று 2009இல் காட்டினார்கள். வெறும் வைவாக்ஸ், வைவாக்ஸ்-நோலெசி கலப்பாகத் தெரிந்துவிடும். இயந்திரம் சொன்னால் தெய்வவாக்கு என்று நம்புகிறவர்களுக்கு இது நல்ல கசப்பு மருந்து.

இரண்டாவது இனத்தைத் தவறவிட்டால் என்ன ஆகிவிடும்? அது எந்தப் பக்கம் தவறவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வைவாக்ஸை மட்டும் கண்டு, அடியில் இருந்த ஃபால்சிபாரத்தைக் காணாமல் குளோரோகுயின் கொடுத்து அனுப்பினால், ஓரிரு நாளில் ஆள் நினைவிழக்கலாம். பெரும்பாலான நாடுகளில் ஃபால்சிபாரம் அந்த மருந்துக்கு மசிவதில்லை. மறுபக்கத் தவறு மெதுவாக வெளிவரும். ஃபால்சிபாரத்துக்குத் தரும் ஆர்டிமிசினின் கூட்டுமருந்து ரத்தத்திலுள்ள வைவாக்ஸையும் துடைத்துவிடும், ஆனால் கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸைத் தொடாது. அதற்கு ப்ரைமாகுயின் வேண்டும், வழக்கமாகப் பதினாலு நாள், அதற்கு முன் ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்த்துவிட்டு. தாய்லாந்தில் 1980களில் ஃபால்சிபாரத்துக்கு மருத்துவம் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பின்னால் வைவாக்ஸ் வந்தது. அதே நாட்டில் நுண்ணோக்கி காட்டிய கலப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரிந்த இரண்டுக்கும் காலம் காட்டிய முப்பதுக்கும் உள்ள தூரத்தை எந்த ஃபீல்டு எண்ணிக்கையாலும் முழுதாகக் கடக்க முடியாது. கல்லீரலில் கிடப்பது விரல் நுனிக்கு வராது, ஸ்லைடுக்கும் வராது, பி.சி.ஆருக்கும் வராது.

அதனால்தான் இரண்டு இனமும் உலவும் ஊர்களில் ஃபால்சிபாரம் கண்டவர்களுக்கும் ப்ரைமாகுயின் முழுக்கொடுப்பு கொடுத்துவிடலாமே என்ற வாதம் வலுக்கிறது. வங்கதேசம், இந்தோனேசியா, எத்தியோப்பியா மூன்றிலும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பின்னால் வரும் வைவாக்ஸ் குறைந்தது. மலேரியா இல்லாத நாட்டில், வருடத்துக்குச் சில பேரே வரும் இடத்தில், அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அங்கே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்க நேரம் இருக்கிறது. 7.2 நீரில் சாயம் ஏற்ற, தின் ஸ்மியரில் ஐந்நூறு ஃபீல்டு போக, ஒரு குழாயை மேல் ஆய்வகத்துக்கு அனுப்ப, அந்தப் பதில் வரும்வரை ஃபால்சிபாரம் உண்டென்றே வைத்து மருந்து கொடுக்க வசதி இருக்கிறது. அறிக்கையில் வெறும் ‘பாசிட்டிவ்’ என்று போடாமல், எந்த இனம், எந்தப் பருவம், மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று இனத்துக்கு ஒரு வரி எழுதலாம். நோயாளி கிளம்பும்போது அவரிடம் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது: இன்னும் ஒரு வருடத்துக்குள், இரண்டு வருடத்துக்குள், எந்தக் காய்ச்சல் வந்தாலும், எந்த டாக்டரிடம் போனாலும், ‘எனக்கு முன்னே மலேரியா வந்தது, அது இந்த நாட்டில் பிடித்தது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.